வெளிநாட்டு முகாமில் ஒரு கோடைப் பருவம்: கொங்குப் பக்கத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

என் ஊர் பெருந்துறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். 2024 கோடையில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், போக்கனோ மலைப்பகுதியில் உள்ள ஒரு சிறுவர் முகாமில் ஒன்பது வாரம் வேலை செய்தேன். என் பெரியம்மா மகன், இங்கிலாந்தின் டெவன் பகுதியில் கூடாரமும் கேரவனும் போட்டுத் தங்கும் ஒரு முகாம் மைதானத்தில் ஒரு முழுப் பருவம் வேலை பார்த்தான். திரும்பி வந்த நாளிலிருந்து கல்யாண வீட்டிலும் கோயில் நோம்பியிலும் போனிலும் ஒரே மாதிரிக் கேள்விகள் வருகின்றன. எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

முகாம் என்றால் என்னங்க? நம் என்எஸ்எஸ் கேம்ப் மாதிரியா?

இல்லைங்க. இரண்டு வகை உண்டு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான் பலர் பணத்தைத் தொலைக்கிறார்கள்.

முதலாவது அமெரிக்கச் சிறுவர் முகாம். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை ஏரிக்கரையில், காட்டுக்குள் இருக்கும் மர வீடுகளில் வாரக்கணக்கில் தங்கவைத்து நீச்சல், படகு, வில்வித்தை, நாடகம் என்று சொல்லிக்கொடுப்பார்கள். அங்கே இது பழைய வழக்கம். 1861-இல் கனெக்டிகட் மாநிலத்தில் கன் என்ற பள்ளி ஆசிரியர் தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கூடாரமடித்ததைத்தான் தொடக்கம் என்பார்கள். இங்கே உங்கள் வேலை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது.

இரண்டாவது ஐரோப்பிய வகை. குடும்பங்கள் காரில் வந்து கூடாரம் போடும், அல்லது அங்கேயே நிற்கும் மொபைல் வீட்டை வாடகைக்கு எடுக்கும். இங்கே சுத்தம் செய்வது, வரவேற்பு மேசை, புல் வெட்டுவது, கேஸ் சிலிண்டர் மாற்றுவது என்று வேலை இருக்கும். இரண்டுக்கும் விசா வேறு, சம்பளம் வேறு. போகிறவருக்கு வேண்டிய குணமும் வேறு.

நம் கோடை லீவில் போய்விட்டு வந்துவிடலாமா?

முடியாது. நமக்குக் கோடை என்றால் சித்திரை, வைகாசி. அவர்களுக்கு ஜூன் நடுவில் தொடங்கி ஆகஸ்ட் வரை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று நம் தோட்டத்துத் தென்னையை ஆட்டும் நேரம்தான் அங்கே முகாம் களைகட்டும் நேரம். நம் கல்லூரிகள் அப்போது அடுத்த ஆண்டு வகுப்பைத் தொடங்கியிருக்கும். வருகைப்பதிவு 75 சதவீதம் இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். பள்ளி ஆசிரியர்களுக்கும் ஜூனில் பள்ளி திறந்துவிடும்.

அதனால் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பொருத்தமான நேரம், கடைசி ஆண்டுப் பரீட்சை முடிந்து வேலைக்குச் சேர்வதற்கு முன் இருக்கும் இடைவெளி. நானும் அப்படித்தான் போனேன். வளாகத் தேர்வில் வேலை கிடைத்திருந்தால் சேரும் தேதியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தோட்டத்து வீட்டுப் பிள்ளையென்றால் இன்னொன்று: ஆடிப்பட்டத்துக்கு ஆள் குறையும். "கீழ்பவானி வாய்க்காலில் தண்ணி விடறதுக்குள்ள வந்துருவியா?" என்றுதான் என் அப்பா கேட்டார். வாய்க்கால் வழக்கமாக ஆகஸ்ட் 15 வாக்கில் திறக்கும். நான் வந்து சேர்ந்தது ஆகஸ்ட் கடைசி வாரம்.

என்ன விசா எடுக்க வேண்டும்?

அமெரிக்கச் சிறுவர் முகாமுக்கு ஜே-1 விசா. அதற்குள் "கேம்ப் கவுன்சிலர்" என்று தனிப் பிரிவு இருக்கிறது. வயது 18 ஆகியிருக்க வேண்டும், ஆங்கிலம் நன்றாகப் பேச வேண்டும். மாணவராகவோ ஆசிரியராகவோ பிள்ளைகளோடு வேலை செய்தவராகவோ இருக்க வேண்டும், அல்லது தனித்திறமை ஏதாவது வேண்டும். அதிகபட்சம் நான்கு மாதம். அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த ஸ்பான்சர் அமைப்பு ஒன்று டிஎஸ்-2019 என்ற படிவத்தைக் கொடுக்கும். அது கைக்கு வந்த பிறகுதான் விசாவுக்கே விண்ணப்பிக்க முடியும். இந்தப் பிரிவில் போனவரைச் சமையல்காரராகவோ பாத்திரம் கழுவுபவராகவோ அலுவலக வேலைக்கோ வைத்துக்கொள்ளக்கூடாது என்பது விதி. "கேம்ப் கவுன்சிலர் விசாவில் கிச்சன் வேலை" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். சமையலறை வேலைக்கு ஆட்கள் வருவது கோடைக்கால வேலையும் பயணமும் என்ற இன்னொரு பிரிவில். அது முழுநேரக் கல்லூரி மாணவர்களுக்கு, அவரவர் நாட்டின் நீண்ட விடுமுறையில் மட்டும். நம் நாட்காட்டிக்கு அது சுலபத்தில் ஒத்துவராது.

இங்கிலாந்துக்குப் பருவகால வேலை விசா என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அது தோட்டப்பயிர் அறுவடைக்கும் கோழிப்பண்ணைக்கும்தான், முகாமுக்கு உதவாது. என் அண்ணன் போனது 2023-இல் தொடங்கிய இந்திய இளம் தொழில்முறையாளர் திட்டத்தில். 18 முதல் 30 வயது, பட்டப்படிப்பு, வங்கியில் 2,530 பவுன் தொடர்ந்து 28 நாள் இருப்பு, காசநோய்ப் பரிசோதனைச் சான்று. ஆண்டுக்கு 3,000 இடம், குலுக்கல் முறை. குலுக்கலில் பெயர் போடக் கட்டணமே கிடையாது. பிப்ரவரியில் ஒருமுறை, ஜூலையில் ஒருமுறை என்று இரண்டு நாள் போலத்தான் திறந்திருக்கும். பெயர் வந்தால் இரண்டு ஆண்டு தங்கி அநேகமாக எந்த வேலையும் பார்க்கலாம், முகாம் வேலை உட்பட.

ஆஸ்திரேலியாவும் 2024 அக்டோபரிலிருந்து இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 1,000 வேலை-விடுமுறை விசாக்களைக் குலுக்கலில் கொடுக்கிறது. அங்கே கோடை டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. பிரான்சில் பருவகாலத் தொழிலாளர் அனுமதி உண்டு, ஆண்டுக்கு ஆறு மாதம் வரை. ஆனால் முதலாளியே முன்கூட்டி வேலை அனுமதி வாங்க வேண்டும், பிரெஞ்சும் தெரிந்திருக்க வேண்டும். நம் பக்கத்திலிருந்து நேராக அப்படிப் போனவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

எவ்வளவு செலவாகும், எவ்வளவு மிஞ்சும்?

அப்பாமார் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். கணக்கைத் திறந்தே வைக்கிறேன்.

அமெரிக்கா: விசாக் கட்டணம் 185 டாலர், மாணவர் கண்காணிப்புப் பதிவுக் கட்டணம் 35 டாலர் (மற்ற ஜே-1 பிரிவுகளுக்கு 220 டாலர், முகாம்காரர்களுக்குக் குறைவு). கட்டணங்கள் மாறும், கட்டும் முன் தூதரகத்தின் தளத்தில் பாருங்கள். இதன்மேல் ஸ்பான்சர் அமைப்பின் கட்டணம், காப்பீடு, விமான டிக்கெட். எனக்கு டிக்கெட் மட்டும் ஒரு லட்சத்துச் சொச்சம் ஆனது. ஒன்பது வாரத்துக்கும் சேர்த்துக் கையில் வந்தது 2,000 டாலருக்குச் சற்று மேல். தங்குமிடமும் மூன்று வேளைச் சாப்பாடும் அவர்களுடையது. எல்லாச் செலவும் போக மிஞ்சியது ஒரு சின்னத் தொகை. அதையும் கடைசி வாரத்தில் நியூயார்க், வாஷிங்டன் பார்ப்பதில் செலவழித்துவிட்டேன்.

அமெரிக்காவில் சம்பளம் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்பீர்கள். ஆண்டில் ஏழு மாதத்துக்கு மேல் இயங்காத பொழுதுபோக்கு நிறுவனங்களுக்கு அந்நாட்டு மத்தியச் சட்டத்தில் குறைந்தபட்சக் கூலியிலிருந்தும் ஓவர்டைமிலிருந்தும் விலக்கு உண்டு. முகாம்கள் அதில் வரும். உங்களுக்குத் தரும் சம்பளம், அதே வேலை செய்யும் அமெரிக்கருக்குத் தருவதற்குச் சமமாக இருக்க வேண்டும் என்பது மட்டும் விதி.

இங்கிலாந்துக் கணக்கு வேறு. 2025 ஏப்ரலில் 21 வயது நிரம்பியவருக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுனாக இருந்தது, அந்தக் கணக்கையே போடுகிறேன். வாரம் 40 மணி நேரம் என்றால் 488 பவுன். முதலாளி தங்க இடம் கொடுத்தால் குறைந்தபட்சக் கூலியில் நாளைக்கு 10.66 பவுனுக்கு மேல் பிடிக்கக்கூடாது என்பது அப்போதைய விதி, அதாவது வாரம் சுமார் 75 பவுன். தேசியக் காப்பீடு என்ற பிடித்தம் வாரம் இருபது பவுன் போகும். 24 வாரப் பருவத்துக்கு மொத்தக் கூலி 11,700 பவுன் சொச்சம். அந்த வரியாண்டில் வேறு வருமானம் இல்லையென்றால் 12,570 பவுன் வரை வருமான வரி கிடையாது. கையில் 9,400 பவுன் போல நிற்கும், சாப்பாடு உங்கள் செலவு. ஆனால் போகும்போதே விசாவுக்கும் இரண்டு ஆண்டு மருத்துவக் கட்டணத்துக்கும் கட்ட வேண்டும்; 2025-இல் அது 319 பவுனும் 1,552 பவுனுமாக இருந்தது. ரூபாயில் இரண்டு லட்சத்தைத் தாண்டும். இன்னொன்று, ஏப்ரல் மாதக் குளிரில் கூட்டம் வராது, அப்போது 40 மணி நேரம் கிடைக்காது. அண்ணனுக்கு முதல் ஐந்து வாரம் 25 மணி நேரம்தான் கிடைத்தது.

நான் உறுதியாகச் சொல்வது ஒன்று: அமெரிக்க முகாமுக்கு நகையை அடகு வைத்தோ கந்துவட்டிக்கு வாங்கியோ போகாதீர்கள். அந்தக் கடனை அந்தச் சம்பளம் அடைக்காது.

ஏஜென்ட் மூலமாகப் போகலாமா?

எங்கள் பக்கத்து ஊரில் ஒரு பையனிடம் "கேம்ப் வேலை கன்பார்ம்" என்று சொல்லி ஒருவர் 15,000 ரூபாய் முன்பணம் வாங்கினார். அப்புறம் போனை எடுக்கவே இல்லை. அந்தப் பையனின் அம்மா எருமைப்பால் ஊற்றிச் சேர்த்த பணம் அது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட், 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும்தான். பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். தமிழக அரசுக்கே 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் அங்கே கேளுங்கள். ஜே-1 ஸ்பான்சர்களின் பட்டியல் அமெரிக்க வெளியுறவுத் துறையின் தளத்தில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் பெயர் இல்லாதவர் டிஎஸ்-2019 கொடுக்கவே முடியாது. இங்கிலாந்துக் குலுக்கலில் பெயர் எடுத்துத் தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். குலுக்கலில் யாராலும் பெயர் எடுத்துத் தர முடியாது.

நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

சென்னையில் அமெரிக்கத் துணைத் தூதரகம் அண்ணா சாலையில், ஜெமினி பாலத்துக்குப் பக்கத்தில். நான் ஈரோட்டில் சேரன் எக்ஸ்பிரஸ் ஏறிக் காலையில் போய் இறங்கினேன். கைரேகைக்குத் தனி நாள் வரும், அதனால் இரண்டு நாள் தங்குவதுபோல் போங்கள்.

என்னிடம் மூன்றே கேள்விதான். எந்த முகாம், அங்கே என்ன சொல்லிக்கொடுப்பாய், திரும்பி வந்து என்ன செய்வாய். மூன்றாவதுதான் முக்கியம். திரும்பி வருவீர்கள் என்று அதிகாரி நம்ப வேண்டும். எனக்கு வேலை ஆணை இருந்தது, காட்டினேன். மனப்பாடம் செய்துகொண்டு போகாதீர்கள், உள்ளதைச் சொல்லுங்கள். 2025 ஜூன் முதல் ஜே-1 விண்ணப்பதாரர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி வைக்கச் சொல்கிறார்கள். அதையும் கவனியுங்கள்.

ஒரு நாள் வேலை எப்படி இருக்கும்?

சிறுவர் முகாமில் காலை ஏழரைக்கு மணி அடிக்கும். என் மர வீட்டில் எட்டு, ஒன்பது வயதுச் சிறுமிகள் பத்துப் பேர். எழுப்பி, பல் தேய்க்கவைத்து, படுக்கை மடிக்கவைத்து, சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். அதன்பின் மணிக்கணக்காக ஒவ்வொரு விளையாட்டு. மதியம் ஒரு மணி நேரம் ஓய்வு. ராத்திரி நெருப்பைச் சுற்றிப் பாட்டு. விளக்கணைத்த பிறகும் முறைவைத்து வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டும். வாரம் ஒருநாள் விடுப்பு. மற்ற ஆறு நாளும் உங்கள் நேரம் உங்களுடையது இல்லை.

மூன்றாம் நாள் ராத்திரி ஒரு குட்டி அம்மாவை நினைத்து அழ ஆரம்பித்தாள். ஒருத்தி அழுதால் பத்துப் பேரும் அழுவார்கள். மறுநாள் சமையலறையில் பன்னிரண்டு குழி முட்டைத் தட்டு ஒன்றை வாங்கி, ஏரிக்கரைக் கூழாங்கல்லைப் பொறுக்கி, பல்லாங்குழி சொல்லிக்கொடுத்தேன். நம் பலகையைவிட இரண்டு குழி குறைவு, ஆனால் ஆட்டம் ஓடியது. பசு எடுப்பது என்ற வார்த்தையைத் தமிழிலேயே கத்தப் பழகிக்கொண்டார்கள். அழுத குட்டிதான் வாரக் கடைசியில் என்னைத் தோற்கடித்தாள். விண்ணப்பத்தில் "திறமை" என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். சிலம்பம், கோலம், கபடி, கும்மி, எல்லாம் எழுதுங்கள். வள்ளி ஒயில் கும்மிக்காக நம் கோவைப் பக்கத்துப் பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நாம் சாதாரணமாக நினைப்பது அவர்களுக்குப் புதிது. நான் நான்கு அடி கும்மி சொல்லிக்கொடுத்தேன், கடைசி நாள் விழாவில் அறுபது பிள்ளைகள் வட்டமாக ஆடினார்கள்.

டெவனில் அண்ணனுக்கு வேறு மாதிரி. சனிக்கிழமைதான் அவனுக்கு மாரியம்மன் நோம்பி. காலை பத்து மணிக்குப் பழைய விருந்தினர் காலி செய்வார்கள், மாலை நான்குக்குப் புதியவர்கள் வருவார்கள். இடையில் இருக்கும் ஆறு மணி நேரத்தில் இரண்டு பேர் சேர்ந்து ஏழு மொபைல் வீடுகளைச் சுத்தம் செய்து படுக்கை விரிக்க வேண்டும். மற்ற நாளில் புல் வெட்டுவது, குப்பை பிரிப்பது, மின் இணைப்பு பார்ப்பது. நாளைக்கு மூன்றுமுறை பொதுக் கழிவறை, குளியலறைகளைக் கழுவ வேண்டும்.

கடைசியாகச் சொன்னதை மறைத்துவிட்டுப் போகிறவர்கள் பலர். அண்ணன் மறைக்கவில்லை. "என்னடா, பிஇ படிச்சுப்போட்டு கக்கூஸ் கழுவறயா" என்று ஒரு மாமா கேட்டார். அவன் அமைதியாகச் சொன்னான்: "எங்க மேனேஜரும் அவர் முறை வந்தா கழுவறாருங்க மாமா." இந்த வேலையைக் கேவலம் என்று நினைப்பவர் தயவுசெய்து போக வேண்டாம். நம் ஊரில் அந்த வேலையை யாரோ சிலர் தலையில் மட்டும் சுமத்தி வைத்திருக்கிறோம். அதை ஒரு பருவம் தன் கையால் செய்து வந்தவன் இப்போது வீட்டில் நடந்துகொள்ளும் விதமே வேறு.

கிணற்றில் நீந்தத் தெரியும். நீச்சல் வேலை கிடைக்குமா?

தெரிந்திருப்பது நல்லது, ஆனால் போதாது. அமெரிக்க முகாம்களில் உயிர்காப்பாளர் சான்று வேண்டும். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் தேர்வில் ஒரு பகுதி இது: நீந்திப் போய், 7 முதல் 10 அடி ஆழத்தில் கிடக்கும் 10 பவுண்டு எடையை மூழ்கி எடுத்து, இரண்டு கையாலும் பிடித்தபடி மல்லாந்து நீந்தித் திரும்பி, கரையேற வேண்டும். நேரம் 1 நிமிடம் 40 விநாடி. கொடிவேரியிலும் காலிங்கராயன் வாய்க்காலிலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு மூழ்குவது கஷ்டமில்லை. மல்லாந்து நீந்துவதைத்தான் பழக வேண்டும். பல முகாம்கள் பயிற்சி வாரத்திலேயே சான்று வாங்கிக்கொடுக்கும்.

சாப்பாடு?

சைவத்துக்கு வழி உண்டு, ஆனால் அரிசிம்பருப்புச் சாதம் எதிர்பார்க்காதீர்கள். ரொட்டி, பாஸ்தா, சீஸ், சாலட். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் ஒவ்வொரு வேளையும் கேட்டுச் சாப்பிடுங்கள், தவறாக நினைக்கமாட்டார்கள்.

முக்கியமான எச்சரிக்கை: நிலக்கடலை. பல சிறுவர் முகாம்களில் கடலை உள்ளே வரவே கூடாது. ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு ஒரு துணுக்கு பட்டாலே மூச்சு நின்றுவிடும் ஆபத்து உண்டு. ஆத்தா ஆசையாகக் கட்டிக்கொடுத்த கடலை மிட்டாயை நான் முதல் நாளே அலுவலகத்தில் ஒப்படைத்தேன். பருப்புப்பொடி அரைக்கும்போதும் கடலை சேர்க்காமல் அரைக்கச் சொல்லுங்கள். இங்கிலாந்துக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறவர்கள் நெய்யும் பால்கோவாவும் எடுத்துப்போகக்கூடாது. வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருள் கொண்டுவர அங்கே தடை உண்டு.

பெண்பிள்ளையைத் தனியாக அனுப்பலாமுங்களா?

என் அம்மா மூன்று மாதம் யோசித்தார். அவருக்காக நான் முகாமிடம் எழுதிக் கேட்ட கேள்விகளையே உங்களுக்கும் தருகிறேன். பெண் ஊழியர் தங்குமிடம் தனியா? இரவு யார் காவல்? மருத்துவர் அல்லது செவிலியர் முகாமிலேயே தங்குகிறாரா? விடுப்பு நாளில் வண்டி வசதி உண்டா? புகார் என்றால் முகாமுக்கு வெளியே யாரிடம் சொல்வது? அமெரிக்க முகாம் சங்கத்தின் அங்கீகாரம் இருக்கிறதா? ஐந்து நாளில் தெளிவாகப் பதில் எழுதினார்கள். கடைசியில் அம்மா சரி என்றதற்கு அந்தக் கடிதம்தான் காரணம். பதில் சொல்லத் தயங்கும் முகாமுக்கு அனுப்பாதீர்கள்.

ஜே-1-இல் ஸ்பான்சர் அமைப்புக்கு அவசரத் தொலைபேசி எண் இருக்கும். முகாமில் ஏதாவது சரியில்லை என்றால் அவர்களிடம் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அந்த எண்ணை வீட்டிலும் எழுதிவைத்துவிட்டுப் போங்கள். பாஸ்போர்ட்டை முகாமோ வேறு யாரோ பிடுங்கி வைத்துக்கொள்ளக்கூடாது.

உடம்புக்கு முடியாமல் போனால்?

ஜே-1-க்குக் காப்பீடு கட்டாயம், ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது 1,00,000 டாலர் அளவுக்கு. அங்கே சின்னக் கட்டுக்கே பெரிய பில் வரும், அதனால் காப்பீட்டு அட்டையைக் கூடவே வைத்திருங்கள்.

காட்டில் பயப்பட வேண்டியது கரடியைவிட உண்ணிக்குத்தான். மாட்டில் உண்ணி பொறுக்கிப் பழகியவர்கள் நாம், ஆனால் அந்த மான் உண்ணிக் குஞ்சு கசகசா அளவுதான் இருக்கும். லைம் என்ற காய்ச்சலைப் பரப்பும். பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் நோய் ஏறும் என்பதால், தினமும் குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமயிர் எல்லாம் தடவிப் பார்த்து எடுத்துவிட வேண்டும்.

வரி கட்ட வேண்டுமா?

அமெரிக்கச் சம்பளத்துக்கு 1040-என்ஆர் படிவத்தில் அடுத்த ஏப்ரல் 15-க்குள் கணக்குக் காட்ட வேண்டும். ஜே-1 முகாம் ஊழியருக்குச் சமூகப் பாதுகாப்பு வரி பிடிக்கக்கூடாது, சம்பளச் சீட்டில் பாருங்கள். நான்கு மாதம் போய் வந்தவர் இந்தியக் கணக்கில் உள்நாட்டுக் குடியிருப்பவர்தான். இங்கே வருமான வரி தாக்கல் செய்யும்போது அதையும் காட்ட வேண்டும்.

அப்படியே அங்கேயே இருந்துவிட முடியாதா?

முடியாது, முயலவும் கூடாது. முகாம் முடிந்தபின் ஊர் சுற்ற 30 நாள் கொடுப்பார்கள், அதில் வேலை பார்க்கக்கூடாது. அந்த வரம்பைத் தாண்டினால் உங்கள் அடுத்த விசா போகும்; அடுத்து நம் ஊரிலிருந்து விண்ணப்பிக்கும் பிள்ளையையும் அதிகாரி சந்தேகத்தோடு பார்ப்பார்.

எப்போது தொடங்க வேண்டும்?

அமெரிக்க முகாம்கள் முந்தைய செப்டம்பர், அக்டோபரிலேயே ஆள் எடுக்கத் தொடங்கும், மார்ச்சுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். அதனால் கடைசி ஆண்டு தொடங்கும்போதே கோவை பாஸ்போர்ட் சேவை மையத்தில் தேதி எடுத்துவிடுங்கள், கட்டணம் 1,500 ரூபாய். பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் மார்க் ஷீட்டில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். நம் பிள்ளைகளுக்கு இனிஷியலை விரித்து எழுதுவதில்தான் இழுபறி வரும். எனக்கு அதைத் திருத்தவே இரண்டு மாதம் ஆனது.